அஞ்சலி வரி எழுதும் தேவானை

மயிலாப்பூர் குளத்துக்குப் பின்சந்தில் இருக்கும் அந்த டிடிபி கடையில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் வரிகளை எழுதுபவள் தேவானை. பதினோரு வருடப் பழக்கம். படத்தையும் பெயரையும் கொடுத்தால் டீ ஆறுவதற்குள் நான்கு வரி வந்துவிடும். கம்ப்யூட்டரில் தனித்தனி ஃபோல்டர்கள் வைத்திருந்தாள்: அப்பா, அம்மா, வாலிபர், பொண்ணு.

அடையாற்றங்கரை வீட்டை அரசாங்கம் இடித்து, ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்துக்கு அனுப்பிய பிறகும் தினம் பஸ் பிடித்து வந்தாள். அந்த வரிகளுக்கெல்லாம் ஒரு பெயர் உண்டு என்று அவளுக்குச் சொன்னது மகள் மணிமொழி. குரூப் ஃபோர் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த மணிமொழிக்கு அணி இலக்கணம்தான் தகராறு. தேவானை தோசை சுடுவாள். மகள் பக்கத்தில் கைடோடு உட்காருவாள்.

"யம்மா, 'சிங்கம் போன்றவனே'ன்னா உவமை. 'சிங்கமே'ன்னா உருவகம். நீ எப்பவும் உருவகம்தான் போடற."

"போஸ்டர்ல எடம் ஏதுடி? 'போன்றவனே'ன்னு போட்டா போட்டோவ சின்னது பண்ணணும்."

"அதுக்குன்னு செத்த அப்பா எல்லாமே ஆலமரமா? இந்த ஊர்ல எத்தினி ஆலமரம்மா கீது?"

போன மழையில் 'உன்னைப் பிரிந்த துயரில் வானமும் அழுகிறதே' என்று எழுதியதைச் சொன்னதும் மகள் குதித்தாள். "தற்குறிப்பேற்ற அணிம்மா! மழை தானா பெய்யுது, நீ ஒரு காரணத்த ஏத்திட்ட பாரு!" இயல்பு நவிற்சி அணிதான் தேவானைக்குப் பிடிபடவில்லை.

"உள்ளத உள்ளபடி சொல்றது இன்னாத்துக்கு அணி? அத எவன் போஸ்டர்ல போடுவான்?"

"அதான்மா இருக்கறதுலயே கஷ்டம்" என்றாள் மணிமொழி.

ஞாயிற்றுக்கிழமை பரீட்சை. அதற்கு முந்தின செவ்வாய்க்கிழமை காய்ச்சல் வந்தது. வெள்ளிக்கிழமை விடிகாலையில் ஆஸ்பத்திரியில் மணிமொழி இறந்துபோனாள். இருபத்திரண்டு வயது.

உடலை மதியம் இரண்டு மணிக்குத் தருவதாகச் சொன்னார்கள். பத்து மணிக்குத் தேவானை கடை வாசலில் நின்றாள். முதலாளி கதிரேசன் பதறி எழுந்தான்.

"இன்னாக்கா நீ, இங்க வந்துகினு? நான் போட்டுட்டேன். பிரிண்ட் குடுக்கறதுதான் பாக்கி."

திரையில் மகள் சிரித்தாள், ஹால் டிக்கெட்டுக்கு எடுத்த படத்தில். கீழே: 'மலரும் முன்னே உதிர்ந்த மொட்டே!' பொண்ணு ஃபோல்டரின் முதல் வரி. தேவானை எழுதியதுதான். சைதாப்பேட்டைக்கும் கோட்டூர்புரத்துக்கும், முகம் தெரியாத முப்பது பெண்களுக்கும் அதையே போட்டிருந்தாள். ஒவ்வொரு வீட்டிலும் யாராவது ஒருத்தி அதைப் படித்திருப்பாள் என்பது இன்றுவரை அவளுக்குத் தோன்றியதில்லை.

"எழுந்திரு கதிரேசா."

உட்கார்ந்து அந்த வரியை அழித்தாள். 'எங்கள் குலவிளக்கே' என்று அடித்தாள். வீட்டில் விளக்கைப் போட்டுவிட்டு அணைக்காமல் தூங்குகிறவள் மணிமொழி. அழித்தாள். வெளியே தூறல் விழுந்தது. 'வானமும்' என்று தொடங்கிய விரல் நின்றது. இந்த மழை நேற்றும் பெய்தது, மகள் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோதும். அதையும் அழித்தாள்.

"அக்கா, மணி பன்னெண்டாவுது" என்றான் கதிரேசன் மெதுவாக.

அவள் அடித்தாள்:

'திங்கட்கிழமை மூன்றாவது தோசை கேட்டாய். மாவு தீர்ந்துவிட்டது, மணி.'

கதிரேசன் இரண்டு முறை படித்தான். "அக்கா... இத போஸ்டர்லயா? பாக்கறவங்க இன்னா நெனப்பாங்க?"

"நடந்தது அதான். கடைக்கு ஓடி ஒரு பாக்கெட்டு மாவு வாங்கியாந்திருக்கலாம். கால் வலிக்குதுன்னு உக்காந்துட்டேன்."

படத்துக்கு இடப்பக்கம் 'தோற்றம்' என்ற இடத்தில் மகள் பிறந்த தேதியை அவளே அடித்தாள். வலப்பக்கம் 'மறைவு'. கை விசைப்பலகை மேலேயே கிடந்தது.

கதிரேசன் குனிந்து, அவள் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி, அந்தத் தேதியை அடித்தான்.