முகத்துவாரத்துப் பலகையில் இல்லாத விதி

1. மூன்று நாற்பது

அந்த ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் சரியாக மூன்று நாற்பதுக்கு என் போன் அடித்தது. லைட்ஹவுஸ் குப்பம் கடற்கரையில், முழங்காலுக்கு மேல் தண்ணீரில் போய்விட்ட ஒரு சென்னைக் குடும்பத்தை விசில் அடித்துக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். பேசியது என் மகள் பிரின்சி.

"அம்மா, திட்டாத. நான் பழவேற்காட்லதான் இருக்கேன். போட்ல. போட்டு மண்ணுல மாட்டிக்கிச்சு."

கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கிறாள். காலையில் மீஞ்சூர் வீட்டிலிருந்து நான் வேலைக்குக் கிளம்பியபோது, ரெக்கார்டு நோட்டு எழுத பொன்னேரியில் தோழி வீட்டுக்குப் போவதாகச் சொன்னவள்.

"எந்த மண்ணு?"

"தெரியலம்மா. ஒரு பக்கம் கடல் தெரியுது. தண்ணி வேகமா ஓடுது."

"எந்தப் பக்கமா ஓடுது? கடலுக்கா, ஏரிக்கா?"

பக்கத்தில் யாரிடமோ கேட்டாள். பிறகு, "கடலுக்கு" என்றாள்.

எனக்கு இடம் தெரிந்துவிட்டது. ஏரியும் கடலும் சேருகிற முகத்துவாரம். தண்ணீர் வற்றுகிற நேரத்தில் ஏரி முழுவதும் அந்த ஒரு வாய் வழியாகத்தான் கடலுக்குப் போகும். மணல் மேட்டில் நின்றால் கணுக்கால் ஆழம். ஓர் அடி தள்ளிக் கால் வைத்தால் ஆள் ஆழம்.

"போட்டு ஓட்டற சேகர் அண்ணா என்னையும் என் ரெண்டு ஃப்ரெண்ட்ஸையும் இறங்கித் தள்ளச் சொல்றாரும்மா. வெயிட் கொறஞ்சா போட்டு கெளம்பிடுமாம்."

"இறங்காத! அவளுங்களையும் விடாத. நான் விசில் அடிக்கிற வரைக்கும் யாரும் போட்ட விட்டு இறங்கக் கூடாது!"

"விசிலா? நீ இன்னாம்மா..."

லைன் போய்விட்டது. ஏன் விசில் என்று சொன்னேன், தெரியவில்லை. நாள் முழுவதும் அதையே சொல்லிப் பழகிய வாய்.

2. பலகை

இந்தக் கடற்கரைக் காவல் வேலைக்குப் புதிதாக வந்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பதினோரு வருடமாக நான் ஓர் எச்சரிக்கைப் பலகைக்குப் பக்கத்தில் நிற்கிறேன். படகு சவாரி கூடாது. முகத்துவாரத்தில் இறங்கக் கூடாது. குடித்துவிட்டுக் கடலுக்குள் போகக் கூடாது. பாட்டிலை மணலில் போடக் கூடாது. மாலை ஆறு மணிக்குள் கரையை விட்டுக் கிளம்ப வேண்டும். இதைச் சொல்வதுதான் வேலை. கையில் ஒரு விசில், தலையில் ஒரு தொப்பி.

கேட்பவர்கள் குறைவு. "இன்னா மேடம், கடல் இன்னா உங்க வூட்டுதா?" என்பார்கள். "எங்க வூட்டுதா இருந்தா பயமே இல்லியே சார்" என்பேன். சிரித்துவிட்டுச் சிலர் வெளியே வருவார்கள்.

ஊர்க்காரர்களுக்கு நான் விசில் அக்கா. ஏரியில் இறால் பிடிக்கும் மாரி என்னைப் பார்க்கும்போதெல்லாம், "உன் சத்தத்துல என் இறால் பூரா ஆந்திராவுக்கு ஓடிப்போச்சுக்கா" என்பார். ஏரியின் பெரும்பகுதி ஆந்திராவில்தான் இருக்கிறது.

பிரின்சிக்கும் இந்தப் பலகை மனப்பாடம். சின்ன வயதில் வீட்டில் என் தொப்பியை மாட்டிக்கொண்டு ஒப்பித்துக் காட்டுவாள். அன்றைக்கு அவள் தோழிகளிடம் சொன்னதைப் பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டேன். "எங்கம்மா கடல் பக்கம்தான் நிப்பாங்க. நாம ஏரிப் பக்கமா போய்டலாம்."

3. படகுத்துறை

அரசுப் படகுக்குப் போன் செய்தேன். அது வடக்கே ஆந்திர எல்லை ஓரத்தில் இருந்தது. வர இரண்டு மணி நேரமாவது ஆகும் என்றார்கள். பாலம் தாண்டி ஏரிக்கரைப் படகுத்துறைக்கு யாருடைய வண்டியிலோ ஏறிப் போனேன். யார் வண்டி என்று இன்றுவரை நினைவில்லை.

அங்கே மீனவர் கோபாலும் இன்னும் இரண்டு பேரும் வலை பின்னிக்கொண்டிருந்தார்கள். விஷயத்தைச் சொன்னேன். கோபால் எழுந்து நின்று முகத்துவாரத்தின் பக்கம் பார்த்தார்.

"தோ கொக்கு வரிசையா நிக்குது பாரு, அங்கதான் மேடு. நேரா போனா பத்து நிமிசம்."

"அப்ப எடுங்க படக!"

"நேரா போவ முடியாதுக்கா. இன்னிக்கு அது மாரி பாடு."

பாடு என்றால் முறை. இறால் நன்றாக விழும் இடங்களை ஊர் கூடிச் சீட்டுப் போட்டுப் பிரித்துக்கொள்கிறார்கள். இன்றைக்கு யார் முறையோ அவர்தான் அங்கே கழி நட்டு வலை கட்டலாம். அவர் வலையை அவிழ்க்கும்வரை வேறு யார் படகும் அந்த இடத்துக்குள் போகக் கூடாது.

நான் கத்தினேன். வெட்கமாக இருந்தாலும் எழுதுகிறேன். "என் பொண்ணு சாவக் கெடக்கறா, நீங்க வலையப் பாக்கறீங்களா? நீங்கள்லாம் புள்ள பெத்தவங்கதானா?"

கோபால் கோபப்படவில்லை. "வலையப் பாக்கலக்கா. வத்து நேரம். தண்ணி இழுக்கற இழுப்புல இன்ஜின் ஃபேன்ல வலை சுத்திக்கிச்சுன்னா நாங்களும் அங்கயே மாட்டிக்குவோம். அப்புறம் உன் பொண்ணுகிட்ட எவன் போவான்?" என்றார்.

அந்த விதிக்கு இப்படி ஒரு காரணம் இருக்கும் என்று பதினோரு வருடத்தில் எனக்குத் தோன்றியதே இல்லை. மீன்காரர்களின் உள்சண்டைக்கான ஏற்பாடு என்றுதான் நினைத்திருந்தேன்.

அவர் மாரிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். மாரி தன் வலைக்குப் பக்கத்திலேயே படகில் இருந்தார்.

"மாரி, மேட்டுல ஒரு போட்டு மாட்டிக்கினுகீது, பாத்தியா?"

"வலைக்கு அந்தாண்ட இன்னாவோ தெரிஞ்சுது. எவனாச்சும் நண்டு வலை போடறான்னு நெனச்சேன். யாரு?"

"விசில் அக்கா பொண்ணு. கூட ரெண்டு பொண்ணுங்க."

"கழியப் புடுங்கறேன். நீங்க யாரும் வராதீங்க, நானே கிட்ட கீறேன்" என்றார் மாரி.

இறால் தண்ணீர் வற்றும்போதுதான் கடலை நோக்கிப் போகும் என்று கோபால் சொன்னார். காலையிலிருந்து மாரி காத்திருந்தது அந்த இரண்டு மணி நேரத்துக்காகத்தான். என் மகளை இழுக்கிற அதே தண்ணீர்தான் அவருக்கு இறாலைக் கொண்டுவர வேண்டும். அந்த நேரத்தில் அவர் வலையைத் திறந்துவிட்டார்.

4. பிறகு கேட்டது

இதையெல்லாம் சரியாகப் புரிந்துகொள்ளாமல் எனக்குத் தூக்கம் வரவில்லை. படகு ஓட்டிய சேகரைத் தேடிப்போய் மறுநாளே கேட்டேன். உள்ளூர்க்காரர், முகத்துவாரம் தெரிந்தவர். ஏன் அந்தப் பக்கம் போனார்?

"மாரி பாட்டுக்குள்ள போவக் கூடாதுன்னு சுத்திக்கினு போனேங்கா. போன மாசம் அங்க ஆழமா இருந்துச்சு. மேடு நவுந்துடுச்சு."

"சவாரியே போகக் கூடாதுன்னு பலகையில போட்டிருக்கே?"

"அது போலீஸ் புடிச்சா கேஸு, அத்தோட போச்சு. பாட்டுக்குள்ள போட்டு வுட்டா ஊர்ல எவன் என்கூட பேசுவான்?"

ஒரு விதியைக் காப்பாற்ற அவர் இன்னொரு விதியை மீறி முகத்துவாரத்துக்குள் போயிருக்கிறார். பலகையில் இருந்தது அவரைத் தடுக்கவில்லை. அவரைத் தடுத்த விதியோ பலகையில் இல்லை.

இப்போது காலையில் வேலைக்கு வந்ததும் நான் முதலில் படகுத்துறைக்குத்தான் போகிறேன். இன்றைக்கு யார் பாடு, எத்தனை மணிக்கு வற்றும், மேடு எங்கே நகர்ந்திருக்கிறது என்று கேட்டு ஒரு நோட்டில் குறித்துக்கொள்கிறேன். வருகிறவர்களிடம் "இறங்காதீங்க" என்று மட்டும் சொல்வதில்லை. "இப்ப தண்ணி கடலுக்கு ஓடுது, அந்தக் கொக்கு நிக்கற எடத்துக்கு அடுத்த அடி ஆள் ஆழம்" என்கிறேன். ஆச்சரியம், நின்று கேட்கிறார்கள். சிலர் இன்னும் கேள்வி கேட்கிறார்கள். நீங்களும் காரணத்தோடு சொல்லுங்கள். காரணம் தெரியவில்லையென்றால் தெரிந்தவரிடம் போய்க் கேளுங்கள். எனக்குப் பதினோரு வருடம் ஆனது.



5. ஐந்து இருபது

அரசுப் படகு வருவதற்கு முன்பே, ஐந்து இருபதுக்கு, மாரியின் படகு துறைக்கு வந்தது. கழிகளைப் பிடுங்கி, மாட்டிய படகை மேட்டிலேயே விட்டு நாலு பேரையும் ஏற்றி, இழுப்பை எதிர்த்து வர அவ்வளவு நேரம் ஆகியிருந்தது. சேகர் இடுப்புவரை நனைந்து, கயிறு அறுத்த உள்ளங்கையைப் பிடித்தபடி முன்னால் உட்கார்ந்திருந்தார். தள்ள இறங்கியவர் காலுக்கடியில் மணல் சரிந்து, மாரி வரும்வரை கயிற்றில் தொங்கியிருக்கிறார். தோழிகள் இருவரும் குதித்து இறங்கி ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டார்கள். பிரின்சி வரவில்லை. உடை நனையாமல், படகின் குறுக்குப் பலகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, என்னைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

மாரி கரையில் கால் வைத்து, காலி இறால் கூடையைத் தூக்கிப் போட்டுவிட்டுச் சொன்னார்:

"யக்கா, அங்க இந்த ரெண்டுத்தையும் இறங்க வுடாம துப்பட்டாவப் புடிச்சு வச்சிருந்தது இதான். இங்க கரை வந்தும் இறங்க மாட்டேங்குது. எங்கம்மா விசில் அடிக்கலன்னுது. சீக்கிரம் அடி, நான் போய் வலை கட்டணும்."