யார் கை

தொழிற்சாலையில் வெல்டராக இருந்து ஓய்வுபெற்ற மறு வருடமே என் கணவருக்குச் சிறுநீரகங்கள் இரண்டும் பழுதாகிவிட்டன. வாரத்தில் மூன்று நாள், கோலார் தங்கவயலில் நாங்கள் இருந்த பாலகாட்டிலிருந்து ஆட்டோ பிடித்து ராபர்ட்சன்பேட்டைக்கு டயாலிசிஸுக்குப் போனோம். ஆரம்பத்தில் அவர் அங்கே யாருடனும் பேசமாட்டார். ஊசி குத்தியதும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார். வீட்டுக்கு வந்தால் குடிக்கத் தண்ணீர் போதவில்லை என்று என்மேல் எரிந்து விழுவார். டாக்டர் சொன்னபடி அளந்து கொடுக்கும் பாவி நான்தானே.

ஒரு நாள் பாதி டயாலிசிஸில் கரண்ட் போனது. ஜெனரேட்டரும் ஓடவில்லை. குழாயில் ரத்தம் நின்றால் உறைந்துவிடும். அங்கிருந்த நர்ஸ் பெண் ஓடிவந்து இயந்திரத்தின் கைப்பிடியைப் பிடித்துச் சுற்றத் தொடங்கினாள். வியர்வை வழிய, கரண்ட் வரும்வரை அவள் கையை எடுக்கவில்லை. தன் ரத்தம் குழாயில் நகர்வதையும் அவள் தோள் நடுங்குவதையும் என் கணவர் பார்த்துக்கொண்டே படுத்திருந்தார். கிளம்பும்போது, கை ரொம்ப வலிக்கிறதா என்று அவளிடம் கன்னடத்தில் கேட்டார். அந்த இடத்தில் அவர் தானாகப் பேசிய முதல் பேச்சு அது.

அன்றைக்குத் தட்டின் முன்னால் உட்கார்ந்தவர் என்னிடம் கேட்டார்: "இன்னிக்கு யார் கை நமக்காக ஒழைச்சுது, சொல்லு."

பிறகு தினமும் கேட்டார். ஆட்டோக்காரர், தண்ணீர்க் குடத்தை மேலே தூக்கித் தந்த பக்கத்து வீட்டுப் பெண் என்று ஏதாவது சொல்வேன். மறுநாள் அவர்களைப் பார்த்தால் விடாமல் அதை நேரில் சொல்லிவிடுவார். சிலர் கூச்சத்தில் நெளிவார்கள்.

எனக்கு ஒரு நாள் தாங்கவில்லை. "ஏங்க, என் கை மட்டும் ஒங்க கண்ணுக்குத் தெரியலையா?" என்று கேட்டுவிட்டேன்.

சோற்றைப் பிசைந்தபடியே சொன்னார்: "தெரியுது. அத்தச் சொல்லப் போனா அழுகை வந்துடும். அதான் வாயத் தொறக்கல."

நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன்.

போன மழைக்காலத்தில் அவர் இறந்தார். எல்லாம் முடிந்த பின் பக்கத்து வீட்டில் உப்புமா செய்து அனுப்பியிருந்தார்கள். பெங்களூரிலிருந்து வந்திருந்த மகனும் நானும் தட்டை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தோம். கேட்க வேண்டியவர் இல்லை. இன்னிக்கு யார் கை என்று நான்தான் கேட்டேன். மகன் சொன்னான்:

"அப்பாவக் குளிப்பாட்டும்போது காதுல தண்ணி போவாம ஒருத்தர் கைய வச்சு மறைச்சாரும்மா. யாருன்னு தெரியல."

விசாரித்தோம். அடுத்த லைன் வீட்டு வரிசையில் குடியிருப்பவராம். துக்க வீட்டார் இப்போதே பிறர் வாசலுக்குப் போகக் கூடாது என்று உறவினர்கள் தடுத்தார்கள். அதையும் மீறி மறுநாள் காலையிலேயே போனோம். அவர் பெங்களூருக்கு வேலைக்குப் போகும் ரயிலுக்குக் கிளம்பி, சாப்பாட்டுப் பையுடன் வாசலில் நின்றிருந்தார். வந்த காரணத்தை மகன் சொன்னான்.

அவர் பையைக் கீழே வைத்தார். "உள்ள வாங்கம்மா," என்று எனக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார். அந்த ரயிலை அவர் பிடிக்கவில்லை.