மெட்டியைக் கழற்றி ஸ்கேனுக்குப் போனோம்

கோயில், அணை, சந்தை என்று சுற்றியதைத்தான் இதுவரை எழுதினேன். இந்த வைகாசியில் போன பயணம் ஆசைப்பட்டுப் போனது இல்லை. என் வீட்டுக்காரி பேச்சிக்கு வெளிக்குப் போகும்போது ரத்தம் வந்தது. மூலம் என்று நினைத்து ஆறு மாதம் கருணைக்கிழங்கு தின்றாள். சதை எடுத்துச் சோதித்ததில் மலக்குடல் புற்றுநோய் என்றார்கள். எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்று எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்க்க மதுரைக்குக் கிளம்பினோம்.

காலை ஆறேகாலுக்கு வாடிப்பட்டியில் டவுன் பஸ். எனக்கு இருபது ரூபாய், அவளுக்கு இலவசம்.

"ஓசியில வாரவளுக்குச் சன்னலோரமா கேக்குதோ?"

"ஒங்களுக்குப் பொறாம."

விளாங்குடி வரும்போது என் தோளில் சாய்ந்துவிட்டாள். வெறும் வயிறு. ஆரப்பாளையத்தில் இறங்கி ஆட்டோ பிடித்தோம், நூறு ரூபாய். "மதினிக்கு ஒக்கார முடியல போலண்ணே, மெதுவாவே போறேன்" என்றார் டிரைவர். 

ஸ்கேன் அறைக்குள் நகை கூடாது. தாலியைக் கழற்றி மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டாள். மெட்டி மட்டும் வரவில்லை. நர்ஸ் சோப்புத் தண்ணீர் தந்தார். தரையில் உட்கார்ந்து அவள் காலை மடியில் வைத்துக்கொண்டேன். கல்யாணத்தன்று அம்மியில் வைத்து மெட்டி போட்டுவிட்ட கால்.

"அன்னைக்கும் இப்பிடித்தான் வெரல நசுக்குனீங்க."

"அன்னைக்குப் பூ மாதிரி இருந்துச்சு. இன்னைக்கு மம்பட்டியில்ல!"

சிரித்தாள். மெட்டி உருவிக்கொண்டு வந்தது. விரலைச் சுற்றி வெள்ளையாக ஒரு தடம். மெட்டியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

மூன்று மணிக்கு டாக்டரம்மா கூப்பிட்டுப் படத்தைக் காட்டினார். நோய் இருக்கும் இடத்தை ஏ.ஐ. சிவப்பாக வரைந்திருந்தது. குடலைச் சுற்றி வேலி மாதிரி ஒரு சவ்வு. சிவப்பு அதைத் தொடாமல் தள்ளி நின்றால் நேரே ஆபரேஷன்.

"ஏ.ஐ. சொன்னத அப்படியே எடுத்துக்க மாட்டோம். ஒவ்வொரு படமா நானும் பாத்துட்டேன்."

"எனக்கு மாதிரி அதுக்கும் கண்ணுல பொர விழுந்திருக்குமோ தாயி?" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான்யா தெரியுது. வேலியத் தொட்டிருச்சு. பக்கத்து நெணநீர் முடிச்சுலயும் இருக்கு. மூணாவது ஸ்டேஜ்." முதலில் கதிர்வீச்சும் கீமோவும். பிறகு மறுபடி ஸ்கேன். சுருங்கினால்தான் ஆபரேஷன்.

பேச்சி கேட்டாள்: "வேலி தாண்டப் போற ஆட்டத் திருப்பி ஓட்டிரலாம்ல தாயி?"

"முயற்சி பண்ணுவோம்மா."

திரும்பும் பஸ்ஸில் மெட்டியை எடுத்து, "கால நீட்டு" என்றேன். காலைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"மறுபடி ஸ்கேன் இருக்குல்ல. எல்லாம் முடிஞ்சு போட்டுவிடுங்க."

"அதுக்குள்ள வேற எவளுக்காச்சும் போட்டுட்டா?"

"ஒங்களுக்கு எவ கால நீட்டுவா?"

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

போகிறவர்களுக்குச் சொல்கிறேன். ரத்தம் வந்தால் மூலம் என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். பழைய ரிப்போர்ட்டும் காப்பீட்டு அட்டையும் கையில் இருக்கட்டும். பஸ்ஸில் உட்கார ஒரு தலையணை வேண்டும். மெட்டியை முந்தின நாளே தேங்காய் எண்ணெய் போட்டு வீட்டில் கழற்றிவிடுங்கள். கழற்றியதைப் பத்திரமாக வையுங்கள். பேச்சியின் மெட்டி என் சட்டைப் பையில் இருக்கிறது. சட்டை மாற்றும்போதெல்லாம் அதையும் எடுத்து மாற்றி வைக்கிறேன்.