பொட்டலத்துக்கு ஒரு நிழல் இருக்கை

தொண்ணூறுகளின் நடுவில், ஒரு வைகாசிச் செவ்வாய்க்கிழமை, பொள்ளாச்சியிலிருந்து உடுமலைப்பேட்டை போகும் பேருந்தில் அவரைப் பார்த்தேன். வழுக்கைத் தலை, வெள்ளை மீசை. தோளில் கிடக்க வேண்டிய துண்டு மடியிலிருந்த பொட்டலத்தைப் போர்த்தியிருந்தது. பேருந்து திரும்பி வெயில் பக்கம் மாறும்போதெல்லாம் எதிர் இருக்கைக்குத் தாவினார். கடைசியில் என்னிடமே வந்தார்.

“ஏனுங்க, நெழலுப் பக்கம் கொஞ்சம் உடுங்க. இதுக்குள்ள கோடி உசுரு இருக்குதுங்க.”

நிலக்கடலை விதையில் கலக்கும் நுண்ணுயிர் உரம் அது.

“வேருக்குள்ள பூந்து முடிச்சு முடிச்சா ஊடு கட்டிக்குமுங்க. காத்துல இருக்கற தழைச்சத்தைப் புடிச்சு செடிக்கு வாடகையாக் குடுக்கும். போன வருசம் வெதையில ஒட்டறதுக்குன்னு ஆறாத கஞ்சியில கலந்து அத்தனையும் கொன்னுபோட்டனுங்க. ஊட்டுக்காரி இன்னும் கொலைகாரர்னுதான் கூப்புடறா.”

கேட்டுக்கொண்டிருந்த நடத்துநர், “அப்ப அத்தனை பேத்துக்கும் டிக்கெட் எடுங்க” என்றார்.

“எல்லாம் கைக்கொழந்தைங்க!”

இறங்கும்போது என்னிடம் சொன்னார்: “வெதைச்சு நாப்பது நாள் கழிச்சு முடிச்சை நகத்துல கிள்ளிப் பாக்கோணுங்க. உள்ள செவந்திருந்தாப் பொழைச்சுதுன்னு அர்த்தம்.”

நாள் குறித்து வைத்திருந்தேன். விதைப்புக்குப் பத்து நாள் கூட்டி, ஐம்பதாம் நாள் அதே நிறுத்தத்தில் இறங்கி, சாலையோரக் கடலைக்காட்டில் ஒரு செடியைப் பிடுங்கிக் கிள்ளினேன். உள்ளே நல்ல சிவப்பு. அவருடைய காடுதானா என்று யோசிப்பதற்குள் ஒரு பெண்குரல் கேட்டது.

“ஏனுங்க கொலைகாரரே, ஆரோ நம்ம கடலையப் புடுங்கறாங்க பாருங்க!”

செடியோடு ஓடினேன். கோடி உயிரைப் பிழைக்க வைத்தவருக்கு அந்தப் பட்டம் ஏன் இன்னும் போகவில்லை என்பதுதான் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.