வெர்னாவின் ஜோடி சேராத கம்புகள்

வெர்னா டாலிவர் முப்பது வருஷம் எங்க ஊர் பள்ளிக்கூட பஸ் ஓட்டினவள். வர்ஜீனியாவின் மலைச்சாலையில், கொட்டுகிற பனியில், ஒரு பிள்ளைக்கும் ஒரு கீறல் விழுந்ததில்லை. அப்பேர்ப்பட்டவளைப் பார்த்து "உன்னால முடியாது" என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? அவள் புருஷன் ஹார்லனுக்கு வந்தது. அதுவும் சர்ச் வாசலில், நாலு பேர் காதில் விழும்படி.

"கேட்டீங்களா? தெற்கே ஜார்ஜியாவுல ஆரம்பிச்சு வடக்கே மெய்ன் வரைக்கும், ரெண்டாயிரம் மைலுக்கு மேல, மலை மலையா நடக்கப் போறாளாம். ஏறுறது பெரிசில்ல வெர்னா. ஏறினதையெல்லாம் எறங்கணும். அதுக்கு முட்டி வேணும்."

அவளுடைய இடது முட்டி ஆபரேஷன் செய்து மாற்றினது. ஏறும்போது சும்மா இருக்கும், இறங்கும்போதுதான் வேலையைக் காட்டும்.

"அதுக்குத்தான் ஊன்றி நடக்க ரெண்டு கம்பு வாங்கப் போறேன்," என்றாள். "அந்தப் பாதை நம்ம கடைத்தெரு வழியா போகுது. வருஷா வருஷம் நடக்கிறவங்க தாண்டட்டும்னு பஸ்ஸ நிறுத்தி நிறுத்தி எனக்குக் காலே மரத்துப் போச்சு. இனிமே நான் தாண்டுறேன், நீங்க நில்லுங்க."

இந்தப் பாதையில் நடக்கிறவர்களுக்கு ஒரு பைத்தியம் உண்டு. மூட்டையில் ஒரு கிராம் கூடினாலும் தூக்கம் வராது. பல் பிரஷ்ஷின் காம்பை வெட்டுவார்கள், சட்டையின் லேபிளைக் கிழித்து எறிவார்கள். வெர்னாவையும் அந்தப் பைத்தியம் பிடித்தது. சமையலறைத் தராசைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மலை நடக்கிறவர்களுக்குச் சாமான் விற்கிற கடைக்குப் போய்விட்டாள்! கடைக்கார ஜோலின் அவள் பஸ்ஸில் போய்ப் படித்த பெண்.

"மிஸ் வெர்னா, உங்க முட்டிக்கு அலுமினியக் கம்பு எடுங்க. கொஞ்சம் கனம்தான், ஆனா அடி தாங்கும்."

"வாய மூடுடி. தராசு என்ன சொல்லுது பாரு."

தராசு கார்பன் இழையில் செய்த கம்பைத்தான் சொன்னது. கையில் இருப்பதே தெரியாத லேசு. ஹார்லன் அன்று சாயங்காலம் வெட்டின பல் பிரஷ்ஷைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"இதெல்லாம் சரி. முட்டிக்குள்ள இரும்பு வச்சிருக்காங்களே, அத எங்க வெட்டப் போற?"

மார்ச்சில் புறப்பட்டவள் மே மாதம் எங்க கடைத்தெரு வழியாகவே நடந்து போனாள். பஸ் நின்று வழி விட்டது. பிள்ளைகள் ஜன்னலில் தொங்கிக்கொண்டு விசிலடித்தார்கள். எங்களுக்கெல்லாம் நெஞ்சு நிமிர்ந்துபோயிற்று. ஹார்லன் மட்டும் சோள ரொட்டியை நீட்டிவிட்டு, "இன்னும் பாதி கூட ஆகல," என்றான்.

பென்சில்வேனியாவில் மண்ணே கிடையாது. பாறைக்கு மேல் பாறை. ஒரு சரிவில் இறங்கும்போது வலது கைக் கம்பு இரண்டு கல்லுக்கு நடுவே சிக்கியது. அது தெரியாமல் உடம்பு பாரத்தை அதன் மேல் போட்டாள். டப்பென்று ஒடிந்தது. விழுந்தாள். முட்டி தப்பியது, உள்ளங்கை கிழிந்தது. எழுந்து ஒற்றைக் கம்போடு நாலு அடி இறங்கிப் பார்த்தாள். இடது முட்டி பாரம் தாங்கவில்லை. ஐயோ, இதோடு சரியா என்று அங்கேயே உட்கார்ந்து அழுதாள். பிறகு எப்படியோ உட்கார்ந்து உட்கார்ந்தே தேய்த்துக்கொண்டு ரோட்டுக்கு வந்து போன் செய்தாள்.

மறுநாள் ஹார்லன் டிரக்கோடு வந்தான். கேலி இல்லை, சிரிப்பு இல்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

"வீட்டுக்குப் போலாம் வெர்னா."

"முதல்ல கடைக்குப் போ."

பக்கத்து ஊர்க் கடைக்காரன் புதுசாக ஒரு கார்பன் ஜோடியை நீட்டினான். அவள் தொடக்கூட இல்லை. கடை மூலையில் ஒரு பெட்டி இருந்தது. நடக்கிறவர்கள் தங்களுக்கு வேண்டாததைப் போட்டுவிட்டுப் போவார்கள், வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம். அதில் ஒற்றை அலுமினியக் கம்பு ஒன்று கிடந்தது. உடம்பெல்லாம் நசுங்கல், தக்கைக் கைப்பிடியில் எவனுடையதோ வேர்வைக் கறை. அதை எடுத்துக்கொண்டு கடைப் படியில் நின்று முழு பாரத்தையும் போட்டு இறங்கினாள். ஏறினாள், மறுபடி இறங்கினாள். கம்பு லேசாக வளைந்து நிமிர்ந்தது.

"எத்தனை அடி வாங்கியிருக்கு பாரு," என்றாள். "நசுங்கியிருக்கு, ஒடியல. இதுதான் எனக்கு."

டிரக்கில் ஹார்லன் குரலைத் தாழ்த்தினான். "சரி, போறதுன்னா போ. ஆனா இந்தப் பாறைக்காடு முடியற எடத்துல எறக்கி விடறேன். யாரு பார்க்கப் போறா?"

"நான் பஸ் ஓட்டினப்போ ஒரு ஸ்டாப்ப விட்டுட்டுப் போனேனா?"

"இல்ல."

"அப்போ ஒடஞ்ச எடத்துலயே கொண்டு போய் விடு."

கம்பு ஒடிந்த இடம் ரோட்டிலிருந்து நல்ல ஏற்றம். ஹார்லனும் கூடவே ஏறினான், இரண்டு தடவை வழுக்கி விழுந்து எழுந்தான். ஒடிந்த துண்டு இன்னும் கல்லிடுக்கிலேயே நின்றது. அதைப் பிடுங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். ஒரு கையில் கார்பன், ஒரு கையில் அலுமினியம் என்று வெர்னா முன்னால் இறங்கிப் போனதை அவன் பின்னாலிருந்து பார்த்தான். மலை இறங்குவது என்றால் என்னவென்று அன்றைக்குத்தான் அவனுக்குத் தெரிந்தது.

அக்டோபரில், மெய்னில், கடைசி மலை. உச்சியில் மலையின் பேர் எழுதின ஒரு பலகை உண்டு. அதைக் கட்டிக்கொண்டு போட்டோ எடுத்துக்கொள்ளாதவர்கள் கிடையாது. ஹார்லன் காலையிலிருந்து அடிவாரத்தில் நின்று, இறங்கி வருகிறவர்களிடமெல்லாம், "மேல ஒரு அம்மாவப் பார்த்தீங்களா? கம்பு ரெண்டும் ரெண்டு தினுசா இருக்கும். என் பொண்டாட்டி. ஜார்ஜியாவுலேருந்து நடந்து வர்றா. ஒரு அடி விடல," என்று சொல்லிக்கொண்டிருந்தான். கேட்காதவர்களிடமும் சொன்னான்.

பொழுது சாயும் நேரத்தில் மரங்களுக்கு நடுவே அவள் தெரிந்தாள். மெதுவாக, ஒவ்வொரு கல்லாக, கம்பை ஊன்றி ஊன்றி வந்தாள்.

"போட்டோ எங்க?" என்றான்.

"எடுக்கல. மேல நின்னு படம் புடிச்சா, ஏறினதுதானேன்னு சொல்லுவ." கடைசிக் கல்லிலிருந்து இறங்கி அவன் முன்னால் நின்றாள். "நல்லா பாத்துக்கோ. எறங்கிட்டேன்."

ஹார்லன் பையிலிருந்து அந்த ஒடிந்த துண்டை எடுத்தான். அழுதுவிட்டான். டிரக் கொஞ்ச தூரத்தில் நின்றது. கம்பைக் கொடு, நான் கொண்டு வருகிறேன் என்று கை நீட்டினான். கார்பன் கம்பைக் கொடுத்தாள். நசுங்கின கம்பைத் தானே வைத்துக்கொண்டு நடந்தாள்.