அடைத்த தெற்கு வாசல்

வெள்ளவத்தையில் நாங்கள் வாங்கிய நாலாம் மாடி வீட்டின் வாசல் தெற்குப் பார்த்தது. கதவைத் திறந்தால் நேரே படிக்கட்டு. தெற்கு யமன் திசை என்று என் கணவர் பிடிவாதமாக நின்றார், நானும் மறுக்கவில்லை. குடிபோகுமுன் அந்த வாசலைக் கல் வைத்து அடைத்து, சமையலறையோடு ஒட்டிக் கிழக்குப் பக்கம், மாடியின் பொது நடைபாதைக்கு, வேறொன்று திறப்பித்தோம்.

“அக்கா, இனி வெளியில போக இந்தப் புது வாசல் ஒரு வழிதானே இருக்கு?” என்று மேசன் கேட்டார்.

“ஓம், அது போதும்” என்றேன்.

அடைத்த சுவருக்குப் பின்னால் ஆட்கள் படியேறும் சத்தம் தினமும் கேட்கும். ஏனோ எனக்கு அது பிடிப்பதில்லை.

மூன்றாம் மாதம் ஒரு மதியம் கேஸ் கசிந்து சமையலறை பற்றிக்கொண்டது. நானும் பத்து வயது மகளும் ஹாலில் இருந்தோம். கிழக்கு வாசலுக்குப் போவதென்றால் நெருப்பைத் தாண்ட வேண்டும். புகையில் தடுமாறி அந்தச் சுவரடியில் வந்து நின்றேன். மறுபக்கம் ஆட்கள் படியிறங்கி ஓடிக்கொண்டிருந்தார்கள். சுவரில் அடித்துக் கத்தினேன்.

“அம்மா, இதில கதவு இல்லையே” என்றாள் மகள்.

பக்கத்து வீட்டுக்காரர் கிழக்குக் கதவை உடைத்து, ஈரச் சாக்கோடு வந்து சிலிண்டரை மூடியதால் பிழைத்தோம். மறுநாள் மேசனுக்குக்கூடக் காத்திராமல் என் கணவரே அலவாங்கால் அந்தச் சுவரை இடித்தார்.

போன மாதம் தங்கைக்காகக் கொட்டாஞ்சேனையில் ஒரு வீடு பார்க்கப் போனோம். அவள் போனில் திசை பார்த்தாள். நான் புரோக்கரிடம், “நெருப்புப் பிடிச்சா எந்தப் பக்கத்தால ஓடுறது?” என்று கேட்டேன். இப்போது எந்த வீட்டிலும் என் முதல் கேள்வி அதுதான்.

“வாசல் கிழக்கு, அக்கா” என்றார் அவர்.