டேங்க் நிரம்பிய வண்டி

வாடகைக்கு ஸ்கூட்டர் விடுகிறவனுக்கு, வண்டி திரும்பி வரும்வரை பாதி மூச்சுதான் உள்ளே போகும். பாண்டியில் இந்தத் தொழிலில் மாட்டிக்கொண்ட சகாக்களே, உங்களுக்குத் தெரியாததா?

ஊதுவத்தி

லீவுக்கு வருகிற வெளிநாட்டு இளவட்டங்கள், சொந்த ஊரில் அடக்கி வைத்த தாகத்தையெல்லாம் இங்கே கொண்டுவந்து தீர்க்கிறார்கள். ஒரு நாள் காலையிலேயே ஒரு பிரெஞ்சுப் பையன் வந்து "போன்ழூர்" என்றான். அந்த மூச்சில் சாமி படத்துக்கு முன்னால் அணைந்துகிடந்த ஊதுவத்தி பற்றிக்கொண்டது. நம்பாதவர்கள் வந்து சாம்பலைப் பார்க்கலாம். வண்டி இல்லை என்றேன். எனக்குத் தெரிந்த அரைகுறை பிரெஞ்சில் அவன் பதில் இப்படித்தான் விளங்கியது: "முசியே, குடிச்சாத்தான் நான் நிதானமா ஓட்டுவேன்."

தெருமுனை வரை

நான் இல்லை என்றால் பக்கத்துக் கடையில் எடுத்துக்கொண்டு போகிறார்கள். அதனால் ஒரு தந்திரம் செய்தேன். பங்க் வரைக்கும் போக மட்டும் பெட்ரோல் விட்டுத் தருவதுதானே நம் வழக்கம்? குடித்தவன் வண்டியில் அதையும் உறிஞ்சிவிடுவேன். தெருமுனையில் நின்றுவிடும். வெயிலில் தள்ளிக்கொண்டு திரும்புவதற்குள் பாதி போதை இறங்கிவிடும். எதிர் டீக்கடைக்காரர் கேட்பார்: "உன் வண்டி பெட்ரோல்ல ஓடுதா, வேர்வையில ஓடுதாண்ணே?"

மருமகன் செய்த உபகாரம்

போன மாதம் ஒரு மத்தியானம், நிற்கவே தள்ளாடுகிற ஒரு பையனும் அவன் தோழியும் வந்தார்கள். முந்தின நாளே பெட்ரோலை உறிஞ்சிவைத்த வண்டியின் சாவியைக் கொடுத்தேன். தெருமுனையில் நிற்கவில்லை. திரும்பி, மறைந்தே போய்விட்டது. உள்ளேயிருந்து மருமகன் வந்தான். "காலையில அதுலதான் சேதராப்பட்டு கம்பெனிக்குப் போயிட்டு வந்தேன் மாமா. உங்க வண்டிய சும்மா எடுக்கலாமா, டேங்க் ஃபுல் பண்ணிட்டேன்."

ஐஸ் பெட்டி

ஆட்டோ பிடித்து ஓடினேன். பெரிய மார்க்கெட்டில் வழக்கமான கூட்டம்; எனக்கு அது விபத்துக் கூட்டமாகத் தெரிந்தது. இறங்கி, ஆட்களை விலக்கிப் பார்த்தால் நடுவில் பூசணிக்காய்க் குவியல். கடற்கரைச் சாலையிலும் அவர்கள் இல்லை. பெற்றவர்களுக்கு யார், எந்த பாஷையில் சொல்வது என்று நினைத்துக்கொண்டே ஆட்டோவை மீனவர் குப்பம் பக்கம் திருப்பச் சொன்னேன்.

குருசுக்குப்பத்தில், மீன் விற்கிற ஒரு அம்மாவின் ஐஸ் பெட்டியில் முட்டிக்கொண்டு என் ஸ்கூட்டர் நின்றது. பக்கத்தில் படகு நிழலில் இரண்டு பேரும் கிடந்தார்கள். நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று குனிந்தேன்.

"தூங்குதுங்க. ஒரு கீறல் இல்ல," என்றாள் அந்த அம்மா. சாவி அவள் இடுப்பில் இருந்தது. தெருவில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளைக் காட்டினாள். "அதோ, அதுங்க நடுவுல பூந்துதான் வந்தான். குடிச்சவனுக்குப் புத்தி இல்ல, சரி. சாவி குடுத்த நீ என்னா குடிச்சிருந்த, பெரியவரே?"

இப்போதெல்லாம் குடித்துவிட்டு வருகிறவர்களுக்கு நான் தருவது ஒரு நாற்காலியும் ஒரு சொம்புத் தண்ணீரும்தான், அதற்கு வாடகையும் கேட்பதில்லை.